உலர்வலயத்து வன்மரங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தாவரங்களின் வன்மை அவற்றின் உடலில் எவ்விடத்தே அமைந்துள்ளது என்பதைக் கொண்டு அவற்றை வகுக்கும் மரபு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்து மரபியல் புறத்தே காழ் கொண்டவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. அவ்வாறு நோக்கின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடையாளமாகக் கொள்ளப்படும் பனை மரமன்று, புல்லேயாகும். தற்காலத் தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களுடன், அதாவது புல்லும் நெல்லும் அடங்கும் பெரும் பிரிவுடன், சேர்த்தே வைத்துள்ளது. தச்சர் வழக்கில் அகக்காழுக்கு வைரம் என்றும், அதனைச் சூழ்ந்த மென்மையான பகுதிக்கு வெளிறு என்றும் பெயர். மேலைநாட்டு மர வாணிபத்தில் வழங்கும் வன்மரம் என்ற வகுப்போ வேறு. அகன்ற இலைகொண்டு பூத்துக் காய்க்கும் மரமெல்லாம் அதனுள் அடங்கும்; அக்கணக்கின்படி முருங்கையும் வன்மரமே. இக்கட்டுரையில் அச்சொல் தச்சனின் பொருளிலேயே, வைரம் பாய்ந்த மரம் என்ற கருத்திலேயே, கையாளப்படுகின்றது.

இலங்கையின் காடழிவு பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு எழுதப்பட்டு வந்தவற்றுட் பெரும்பாலானவை சேனைப் பயிர்ச்செய்கையாளனையே முதற் குற்றவாளியாக நிறுத்துகின்றன. கோடரியும் தீயும் அவன் கையில் இருந்தமையால் குற்றமும் அவன் மேற் சுமத்தப்பட்டது. ஆயின் வைரமரங்கள் எங்கு வளர்ந்தன, எவ்வழியாக வெளியேறின, எவரின் தேவைக்குப் பயன்பட்டன என்ற வினாக்களை எழுப்பி நோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலப்படுகின்றது.

முதலில் அவை வளரும் இடம். தென்மேற்கின் ஈரவலயக் காடுகள் உயரத்தாலும் பசுமையாலும் காண்போரைக் கவர்வன. நாகமரம் அங்குதான் செழித்து வளர்கின்றது. 1986இல் அது இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. கருங்காலியின் இனத்தைச் சேர்ந்ததும் பழுப்பும் கறுப்புமான வரிகளையுடையதுமான கலமந்தர் மரமும் அங்கேயே வளர்ந்தது. ஐரோப்பியர் அதன் மேற் கொண்ட ஆசையினால் அது ஏறத்தாழ அருகிப்போயிற்று. எனினும், பெரும் பாரம் தாங்கும் மரங்களை நாடியவர்கள் தீவின் மூன்றில் இரண்டு பங்கினை அடக்கிய உலர்வலயத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளிலிருந்து அநுராதபுரம், பொலநறுவை, திருகோணமலை ஊடாக மட்டக்களப்பின் படுவான்கரைக்கு அப்பாலும், தெற்கே மொனராகலை, அம்பாந்தோட்டை வரையும் ஒரே வகையான காடு பரந்து கிடக்கின்றது. இங்கு ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தது. அதன் பெரும்பகுதியும் ஐப்பசி தொடக்கம் தை வரையான மாரியிலேயே பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் மரம் நிலத்தடி நீரைத் தேடிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். இந்நிலையில் மெல்ல வளரும் மரங்களே நிலைபெற்றன. அவற்றின் காழ் செறிவுற்றது இவ்வாறுதான்.

இக்காடு மொழியெல்லை பாராதது. தமிழர் பாலை என்பதைச் சிங்களவர் பலு என்பர். வீரையை வீர என்பர். முதிரை அவர்க்குப் புறுத்த, கருங்காலி களுவர, சவண்டலை ஹல்மில்ல, மருது கும்புக். முதலிரண்டு பெயர்களும் இரு மொழிக்கும் பொதுவாய் நிற்பது, காட்டோரக் குடிகள் நெடுங்காலம் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்தமைக்குச் சான்று எனக் கொள்ளின் தவறாகாது.

இவற்றுட் பாலையே தலையாயது. சங்க இலக்கியத்துப் பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் இதுதானா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. வெட்பாலை, ஏழிலைப்பாலை என இப்பெயரால் அழைக்கப்படும் மரங்கள் பல. அவையனைத்தும் பால் சுரப்பவை என்பதே அவற்றின் பொதுமை. ஈழத்து வழக்கில் அடைமொழியின்றிப் பாலை என்றால், கோடைக்காலத்தில் மஞ்சள் நிறச் சிறு பழங்களைத் தரும் இப்பெருமரத்தையே குறிக்கும். அப்பழத்தை உண்டவர் உதடுகள் பாலினால் ஒட்டிக்கொள்வதை வன்னியிற் பிறந்தோர் அறிவர். கரடிக்கும் அது விருப்பமான உணவு. பாலை பழுக்கும் காலத்தில் தனியே காடேகுவோர் அஞ்சி நடப்பது அதனாலேயே. தமிழகத்தில் இம்மரத்துக்கு உலக்கைப்பாலை என்றொரு பெயருண்டு. உலக்கைக்கு வேண்டிய கனமும் நேர்மையும் தேய்வின்மையும் அப்பெயரிலேயே அடங்கியுள்ளன. நீரிலிட்டால் இதன் வைரம் அமிழ்ந்துவிடும். வெளிறு நீங்கிய பாலைத் தூண் மண்ணில் நட்டும் உக்காது. கறையான் அதனை எளிதில் அண்டாது.

முதிரையின் புகழ் வேறு வகையானது. பழந்தமிழில் முதிரை என்பது பயறு, உழுந்து முதலிய தானியங்களைக் குறித்த சொல். மரத்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு ஏற்புடைய விளக்கம் கூறுவது எளிதன்று. பொன்னிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் கொண்ட அதன் பலகை அலுமாரியாகவும் கட்டிலாகவும் மாறி யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் சீதனப் பொருளாயிற்று. சவண்டலை (சமண்டலை என்றும் கூறுவர்) நேராக வளர்வது, வளைத்தாலும் முறியாதது. திருகோணமலை மரம் என்றே ஐரோப்பியர் அதனை அழைத்தனர். மருது ஆற்றங்கரைக்கும் குளக்கட்டுக்கும் உரியது. அதன் வேர் மண்ணைப் பிடித்து நிற்பதால் அதனை வெட்டக்கூடாதென்ற எண்ணம் குளத்தை நம்பிய ஊர்களில் இருந்துவந்தது. வீரை எங்கும் நிறைந்தது. ஆனால் தச்சருக்கு அவ்வளவு உகந்ததன்று.

கருங்காலியைப் பற்றி ஒரு சொல். வேலைநிறுத்தத்தை முறியடிக்க முதலாளியின் பக்கம் சேரும் தொழிலாளியைக் கருங்காலி என்பது நமது தொழிற்சங்க வழக்கு. கோடரிக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டத் துணைபோகும் மரம் என்பதால் அப்பெயர் வந்ததென விளக்குவர். அதே பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் கருமையையும் காலையும் சேர்த்தே அமைந்திருப்பதை நோக்கும்போது, மொழிபெயர்ப்பாக வந்த சொல்லுக்கு மரக்கதை பின்னர் பொருத்தப்பட்டதோ என எண்ணத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், தீவின் மிக விலையுயர்ந்த மரமொன்று வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

மேற்குறித்த மரங்களின் கனமே அவற்றின் வரலாற்றை நெடுங்காலம் தீர்மானித்தது. வேறு நாடுகளில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டுத் துறைமுகம் சேர்ப்பர். பாலையும் கருங்காலியும் மிதக்கமாட்டா. உலர்வலயத்தின் ஆறுகள் பலவும் ஆண்டிற் பாதிக்கு மேல் மணலாறுகள். வெட்டிய மரத்தை யானையைக் கொண்டும் மாட்டு வண்டியிலுமே இழுக்க வேண்டும். எனவே காட்டின் உட்பகுதியில் நின்ற வைரமரத்துக்கு ஊரவர் தேவைக்கு அப்பால் வாணிபப் பெறுமதி அரிதாகவே இருந்தது. வன்னியர் குறுநிலத் தலைவர்களிடமிருந்து போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் திறையாகப் பெற்றது மரத்தையன்று, யானையை. யானை தானே நடந்து துறைமுகம் சேரும் பொருள் என்பதை மறந்துவிடலாகாது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சோழமண்டலக் கரைக்குப் பெருமளவில் ஏற்றுமதியான மரமும் வன்னியின் அகக்காழ் மரமன்று. கடற்கரையை அடுத்து நின்ற புறக்காழாகிய பனையே. இவ்வகையில், உலர்வலயத்து வைரமரங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை பாதுகாத்தது சட்டமன்று, பாதையின்மையே.

பிரித்தானியர் பாதை அமைத்தனர். 1815இல் கண்டி வீழ்ச்சியுற்றபின் கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருந்தெரு, தேசாதிபதி பான்ஸ் காலத்தில் இராசகாரியம் என்னும் ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் கொண்டு அமைக்கப்பட்டது. அத்தெருவில் மகாவலியைக் கடக்கும் பேராதனைப் பாலம் 1833இல் நிறைவுற்றது. 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்ற அப்பாலம் முழுவதும் முதிரை மரத்தாலானது. எமேர்சன் ரெனன்ற் உள்ளிட்ட அக்காலத்து எழுத்தாளர் அதனைப் பொறியியலின் அருஞ்செயலாக வியந்துள்ளனர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வண்டிகளின் பாரத்தைத் தாங்கி, 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம்விட்டு அது அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தாற் செல்லும் மாணவர் எவரும் நினைத்துப் பார்க்கத்தக்க செய்தியொன்று உண்டு. முதிரை பேராதனையின் ஈரச் சரிவுகளுக்குரிய மரமன்று, உலர்ந்த தாழ்நிலத்துக்குரியது. ஆகவே அப்பாலத்தின் ஒவ்வோர் உத்தரமும் மலையேறி வந்ததாகவே இருத்தல் வேண்டும். பாலத்தை அமைத்த படைப்பொறியியலாளரின் பெயர் நூல்களில் உள்ளது. மரம் தறித்தவர், இழுத்தவர், அரிந்தவர் எவரது பெயரும் இல்லை.

கிழக்குக் கரையில் நிலைமை இன்னும் எளிதாக இருந்தது. திருகோணமலையில் துறைமுகமும் கடற்படைத் தளமும் இருந்தன. கொட்டியாரக் குடாவையடுத்த காடுகளில் சவண்டலையும் முதிரையும் செறிந்திருந்தன. சவண்டலை சென்னைக்கு ஏற்றப்பட்டு, அங்கே அலைகடந்து கப்பலுக்கு ஆளும் பொருளும் கொண்டுசெல்லும் மசூலாப் படகுகளாயிற்று. சாராயத்துக்கும் எண்ணெய்க்குமுரிய பீப்பாய்களாகவும் ஆயிற்று. முதிரையும் கருங்காலியும் ஐரோப்பாவுக்குச் சென்று செல்வர் வீட்டுத் தளபாடங்களாயின. தெருவையும் கடலையும் அண்டிய பகுதிகளே முதலில் வறிதாயின. அப்பகுதிகளில் மரம் தறித்து வண்டியோட்டிக் கூலி பெற்ற தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேனைக்காரராகவும் இருந்திருப்பர். ஆயின் அவர்கள் வெட்டியது தம் சேனைக்காகவன்று.

இவ்விடத்திற் சட்டம் நுழைகின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் செய்கை பண்ணப்படாதும் கிடந்த நிலமனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று கொண்டது. சில ஆண்டுகளுக்கொருமுறையே பயிரிடப்படும் சேனை நிலமும் இவ்வனுமானத்துக்கு உட்பட்டது. கண்டிப் பிரதேசங்களிலே சன்னசு அல்லது வரி செலுத்திய சான்று இன்றி அதன் மேல் உரிமை கோரமுடியாதாயிற்று. உறுதியும் தோம்பும் நெல்வயலுக்கே இருந்தன. காட்டுக்கு எழுத்து இல்லை. ஊரவர் வழக்காற்றால் அனுபவித்து வந்த உரிமை எழுத்தின்மையால் இல்லாததாக்கப்பட்டது. இச்சட்டத்தின் உடனடி நோக்கம் வன்னியின் பாலையையோ முதிரையையோ காப்பதன்று. மலைநாட்டு நிலத்தைக் கோப்பித் தோட்டத்துக்கு விற்பதாகும். அவ்விற்பனையில் அரச உத்தியோகத்தர் பலரே கொள்வனவாளராகவும் இருந்தனர் என்பது இலங்கை வரலாற்று மாணவர் அறிந்ததே.

கோப்பியின் பொருட்டு மலைக்காடுகள் வெட்டிச் சாய்த்து எரிக்கப்பட்டன. வைரமரமும் வெளிறும் ஒரே நெருப்பில் வெந்தன. மலையுச்சிவரை ஏறிய இவ்வழிவைக் கண்டு, கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் குடியேற்ற நாட்டமைச்சுக்கு எச்சரிக்கை விடுத்தார். 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்கலாகாதென்ற விதி அதன் விளைவே. அதற்குள் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கிவிட்டது. 1882இல் இந்திய வனசேவையைச் சேர்ந்த வின்சென்ற் இலங்கைக் காட்டு நிர்வாகத்தின் சீர்கேடுகளை விரித்து ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1887இல் தோன்றிய வனத் திணைக்களமும் அதனைத் தொடர்ந்தன. இன்றுவரை திருத்தங்களுடன் நடைமுறையிலிருப்பது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமாகும்.

இச்சட்டங்கள் ஒதுக்கக் காடு என்றும் கிராமக் காடு என்றும் இருவகையை ஏற்றுக்கொண்டன. முன்னது வரைபடத்தில் விரிந்தது, பின்னது பெருவழக்காகவில்லை. கலப்பைக்கும் வண்டிக்கும் வீட்டு வளைக்கும் மரம் வெட்டுவது ஊரவரின் அன்றாடச் செயலாக இருந்தது; இப்போது அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. சீட்டின்றி வெட்டியது களவாயிற்று. மரம் அதே மரம்; வெட்டியவனும் அவனே.

சேனை காட்டுக்குத் தீங்கற்றது என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தரிசாக விடப்பட்ட பற்றைக்காட்டைச் சுழற்சியாக வெட்டுவதற்கும், சுழற்சி குறுகிக் குறுகி மண் வலுவிழப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பழைய முறையில் மரங்களை நிலத்தோடொட்டி வெட்டாது இடுப்பளவில் வெட்டுவர். அடிக்கட்டைகள் மழை கண்டதும் துளிர்க்கும். சுழற்சி குறுகியதற்குக் காரணம் சேனைக்காரனின் அறியாமை மட்டுமா? அவன் பயன்படுத்திய காட்டின் எல்லை சுருக்கப்பட்டது. மக்கள் தொகை பெருகியது. தரிசு விடுவதற்கு நிலம் எஞ்சவில்லை. மேலும், சேனைக்காரன் நாடியது இலகுவில் வெட்டி எரிக்கத்தக்க இளங்காட்டையே. முதிர்ந்த பாலையைச் சாய்க்க ஒரு நாள் முழுவதும் கோடரி பிடிக்க வேண்டும். குரக்கன் விதைக்க அவ்வுழைப்பை எவன் செலவிடுவான்?

முதிர்ந்த பாலையை நாடியது புகையிரதப் பாதை. யாழ்ப்பாணப் பாதை 1905இல் வன்னிக்காட்டை ஊடறுத்துச் சென்றது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதைகள் 1927–28 காலப்பகுதியில் முடிவுற்றன. தண்டவாளத்தின் கீழ் இடும் சிலிப்பர்க் கட்டைக்கு ஈரத்திலும் வெயிலிலும் கிடந்து உக்காததும், ஆணியை இறுகப் பிடிப்பதுமான மரம் வேண்டும். பாலை அத்தகையது. பேராதனைப் பாலத்துக்கு இழுத்துச் சென்ற காலத்தில் இடர்ப்பாடாக இருந்த கனம் இப்போது தடையாகவில்லை. தன் கட்டையைத் தானே ஏற்றிச் செல்லும் வண்டி வந்துவிட்டது. காட்டைக் காக்க அமைந்த திணைக்களமே அரசின் மரத் தேவையை நிறைவு செய்ய வேண்டிய திணைக்களமாகவும் இருந்தமை இங்கு நோக்கத்தக்கது. காப்பவனும் விற்பவனும் ஒருவனேயாயின் கணக்கை எவர் பார்ப்பது?

சுதந்திரத்தின் பின்னர் அழிவின் வேகம் குறையவில்லை. மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதும் உலர்வலயம் குடியேற்றத் திட்டங்களின் களமாயிற்று. 1949இல் கல்லோயாத் திட்டமும், 1977இன் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் பெருங்காட்டை வயலாகவும் நீர்த்தேக்கமாகவும் மாற்றின. அக்குடியேற்றங்கள் கிழக்கிலும் வடமத்தியிலும் விளைத்த இனவியல் மாற்றங்கள் தனி ஆய்வுக்குரியன. 1956இல் விமானப் படங்களைக் கொண்டு செய்த அளவீட்டின்படி தீவின் 44 வீதம் காடு. 1983 அளவில் அது ஏறத்தாழ 27 வீதமாயிற்று. அக்காலத்தில் வீழ்ந்த காட்டின் பெரும்பங்கு அரச இயந்திரத்தின் உழவுபொறியால் வீழ்ந்ததேயன்றிச் சேனைக்காரனின் கோடரியால் அன்று. 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வெட்டிய இடங்களில் நடப்பட்டது பாலையன்று, தேக்கு. ஒல்லாந்தர் காலத்தில் தீவுக்கு வந்ததாகக் கருதப்படும் இம்மரம் விரைந்து வளர்வது. கன்றை நட்டுக் காக்கும் குடியானவனுக்கு வரிசைகளின் இடையே சில ஆண்டுகள் பயிரிட அனுமதி வழங்கப்பட்டது. எந்தச் சேனை குற்றமெனப்பட்டதோ அதுவே தேக்கு வளர்க்கக் கூலியாயிற்று. வவுனியா நகரையடுத்துத் தேக்கங்காடு என்ற இடப்பெயர் நிலைத்துவிட்டது.

1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. அப்போது வடக்கும் கிழக்கும் போரில் இருந்தன. போர் சில காடுகளுக்கு அரணாயிற்று, சிலவற்றை அழித்தது. பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் அவர்களது மேட்டுநிலங்களிலும் வயல்களிலும் காடு மண்டியது. 2009இல் போர் முடிவுற்றபின் திரும்பிவந்தோர் பலர், தாம் முன்பு பயிரிட்ட நிலம் இப்போது வனப்பகுதியென எல்லைக்கல் நாட்டப்பட்டிருப்பதாக முறையிட்டு வருகின்றனர். உறுதி எரிந்துபோயிருக்கும்; அல்லது தொடக்கத்திலிருந்தே இருந்திராது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவனுடையது. 1840இன் அனுமானம் அவ்வகையில் இன்னும் உயிருடன் இருக்கின்றது. அதே வேளையில் பாலையும் முதிரையும் இரவில் உழவு இயந்திரங்களில் ஏற்றப்படும் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றன. அக்கட்டைகளின் இலாபம் பிடிபடும் சாரதியைச் சென்றடைவதில்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இத்துறையில் தமிழில் செய்யவேண்டியவை பல. ஹென்றி றைமனின் இலங்கைத் தாவரவியற் கைந்நூல் 1893 தொடக்கம் வெளிவந்தபோது மரங்களின் தமிழ்ப் பெயர்களையும் சிங்களப் பெயர்களையும் குறித்து வைத்தது. 1895இல் லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய நூல் அப்பிரதேசத்து வாழ்க்கையைப் பதிவு செய்தது. பெயரைச் சொல்லிக் கொடுத்த ஊரவரின் அறிவோ பதிவாகவில்லை. எம்மரத்தை எந்த மாதத்தில் தறித்தாற் புழு அரிக்காது, நிலத்தில் கிடங்கு வெட்டி மேலொருவரும் கீழொருவருமாக நின்று வாளிழுப்போர் நாளொன்றுக்கு எத்தனை அடி அரிவர், கூலி அடிக் கணக்கிலா நாட் கணக்கிலா என்பன முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. இயந்திர மர ஆலைகள் வந்தபின் அக்கிடங்குகள் தூர்ந்துவிட்டன. இடப்பெயர்களும் அவ்வாறே. வவுனியாவின் மருதோடை, மன்னாரின் மருதமடு, திருகோணமலையின் பாலையூற்று, மட்டக்களப்பின் பாலையடித்தோணா என மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் வடக்கிலும் கிழக்கிலும் பலவுள. அவற்றில் எத்தனை ஊர்களில் பெயர் தந்த மரம் இன்னும் நிற்கின்றது என்பதை ஒரு விடுமுறைக் காலத்தில் மாணவர் சிலர் சேர்ந்து சென்று எண்ணிவிடலாம்.